தெசலோனிக்கே: தழும்பு விழுந்த சபை

அன்பான சகோதர சகோதரிகளே,

மாதிரியான சபை எப்படி இருக்கும் என்பதைத்தான் இன்று பேசக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டவுடன் நம் மனதில் வருவது என்ன? ஆட்கள் நிறைந்த ஆராதனை, நல்ல பாடகர் குழு, கடனில்லாமல் கட்டி முடித்த ஆலயம், பேர்போன போதகர். இவையெல்லாம் இருப்பதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பவுல் ஒரு சபைக்குக் கடிதம் எழுதி, மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் உள்ள விசுவாசிகள் எல்லாருக்கும் நீங்கள்தான் மாதிரி என்கிறாரே, அந்தச் சபைக்குக் கட்டடம் கிடையாது. எத்தனை பேர் என்ற கணக்கைப் பவுல் சொல்லவே இல்லை. அவர்களுக்குப் போதித்தவரோ ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்.

அது தெசலோனிக்கே சபை. 1 தெசலோனிக்கேயர் முதல் அதிகாரத்தை உங்களோடு கொஞ்சம் நிதானமாகப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

முதலில் ஊரைப் பார்ப்போம். மக்கெதோனிய அரசன் கசாண்டர் கி.மு. 315-ஐ ஒட்டி இந்த நகரத்தை உண்டாக்கி, தன் மனைவி தெசலோனிக்கேயின் பெயரையே அதற்கு வைத்தான். அவள் மகா அலெக்சாந்தருக்குச் சகோதரி முறை. ஒரே தகப்பன், வேறு தாய். ரோமர் காலத்தில் மக்கெதோனியா மாகாணத்தின் தலைநகரம் இதுதான். நல்ல துறைமுகம். கிழக்கையும் மேற்கையும் இணைத்த எக்னாத்தியா என்ற ரோமப் பெருஞ்சாலையும் இந்த ஊர் வழியாகத்தான் போனது. கடற்கரையில் நின்று வளைகுடாவுக்கு அப்பால் பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஒலிம்பு மலை தெரியும். கிரேக்கர்கள் தங்கள் தேவர்கள் குடியிருப்பதாக நம்பிய மலை அது.

பவுலும் சீலாவும் பிலிப்பியில் அடிபட்டு, சிறையில் இருந்து வெளியே வந்த கையோடு இங்கே வந்தார்கள். ஜெப ஆலயத்தில் மூன்று ஓய்வுநாள் வேதத்தை எடுத்துப் பேசினார்கள். அதற்கு மேல் ஊரில் தங்கியிருந்தாலும் அது மாதக்கணக்குதான், வருடக்கணக்கு இல்லை. அதற்குள் கலகம் வந்துவிட்டது. கூட்டம் யாசோன் என்பவருடைய வீட்டை வளைத்துக்கொண்டது. அவர்கள் தேடி வந்த பவுலும் சீலாவும் அங்கே இல்லை. அதனால் யாசோனையும் வேறு சில சகோதரரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். "உலகத்தைக் கலக்குகிறவர்கள் இங்கேயும் வந்திருக்கிறார்கள்" என்று கத்தினார்கள். இயேசு என்ற வேறொரு ராஜாவைப் பற்றிப் பேசுகிறார்கள், இது ரோமப் பேரரசனான இராயனுக்கு விரோதம் என்றும் சொன்னார்கள். தலைநகரத்தில் வைத்து இப்படி ஒரு குற்றச்சாட்டு என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அதிகாரிகள் யாசோனிடம் ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

இந்த அதிகாரிகளைக் குறிக்க, அப்போஸ்தலருடைய நடபடிகளில் இதையெல்லாம் எழுதிய லூக்கா 'பொலித்தார்க்' என்ற சொல்லை எழுதியிருக்கிறார். பழைய கிரேக்க நூல்களில் வேறெங்கும் காணாத சொல் என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அப்புறம் தெசலோனிக்கேயின் வாசல் வளைவிலேயே அந்தப் பதவிப் பெயர் பொறித்த கல்வெட்டு இருப்பது தெரியவந்தது. அந்தக் கல் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறுநாள் காலையை நினைத்துப் பாருங்கள். பவுல் போய்விட்டார். யாசோன் அதே தெருவில், அதே வீட்டில் இருக்கிறார். நேற்று கதவை இடித்தவர்கள் இன்று தெருவில் எதிரே வருகிறார்கள். ஜாமீன் கொடுத்திருப்பதால் இனி ஒரு சலசலப்பு என்றாலும் அவர் தலைமேல்தான் விழும். அந்தச் சபையின் விசுவாச வாழ்க்கை தொடங்கிய நிலைமை இது.

கொஞ்ச நாளில் பவுல் அத்தேனேக்கு வந்து சேர்ந்தார். மனம் கேட்கவில்லை. அந்தச் சின்னச் சபை நிற்கிறதா, விழுந்துவிட்டதா? தாங்க முடியாமல் தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவை அனுப்பினார். இன்றைய சாலைக் கணக்கில் அது சுமார் 500 கிலோமீட்டர். தீமோத்தேயு திரும்பி வந்தபோது பவுல் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்துகொண்டிருந்தார். தீமோத்தேயு கொண்டுவந்தது நல்ல செய்தி. அதைக் கேட்ட பவுல் எழுதுகிற வாக்கியத்தைப் பாருங்கள்: "நீங்கள் கர்த்தருக்குள் நிலைத்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்." போன உயிர் திரும்பி வந்த மனுஷனுடைய பேச்சு இது. கி.பி. 50, 51-ஐ ஒட்டிய காலம். புதிய ஏற்பாட்டில் முதலில் எழுதப்பட்டவற்றில் ஒன்று இந்தக் கடிதம்.

சரி, தீமோத்தேயு சொன்ன செய்தியில் பவுலுக்கு எது பெரிதாகத் தெரிந்தது? மூன்றாம் வசனத்தில் அதைச் சொல்கிறார்: விசுவாசத்தின் கிரியை, அன்பின் பிரயாசம், நம்பிக்கையின் பொறுமை.

நான் பிரசங்கிக்கத் தொடங்கிய நாட்களில் இந்த வசனத்தை விசுவாசம், அன்பு, நம்பிக்கை என்று மூன்றாகப் பிரித்துப் பேசிவிட்டு இறங்கிவிடுவேன். கூடவே நிற்கிற கிரியை, பிரயாசம், பொறுமை என்ற சொற்களைக் கவனிக்கவே இல்லை. அவற்றில்தான் இந்தச் சபையின் முகம் தெரிகிறது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. விசுவாசம் உள்ளே இருப்பது. அதை யாரும் பார்க்க முடியாது. தீமோத்தேயு போய்ப் பார்க்க முடிந்தது கிரியையை. அதை வைத்துத்தான் உள்ளே விசுவாசம் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடிந்தது.

பிரயாசம் என்ற சொல்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். கிரேக்கத்தில் அது கோப்போஸ். சாதாரண வேலை இல்லை. செய்து முடித்தபின் உடம்பு ஓய்ந்து போகிற உழைப்பு. அன்புக்குப் பக்கத்தில் பவுல் இந்தச் சொல்லை வைக்கிறார். அன்பு என்றால் நாம் ஓர் உணர்வை நினைக்கிறோம். இவர் நினைப்பது களைப்பை. வியாதிப்பட்டவரோடு ராத்திரி முழுவதும் விழித்திருந்துவிட்டு, விடிந்ததும் வேலைக்குப் போகிறவருடைய கண்ணில் தெரியுமே, அந்தக் களைப்பு. ஒரு சபையில் அன்பு இருக்கிறதா என்று கேட்டால் பாட்டின் சத்தத்தை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். அங்கே யார் யாருக்காகக் களைத்துப் போயிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

இந்த உழைப்பை அவர்கள் யாரிடம் கற்றார்கள்? இரண்டாம் அதிகாரத்தில் பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் இதே சொல்தான் வருகிறது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று இரவும் பகலும் கைவேலை செய்துகொண்டே உங்களுக்குப் பிரசங்கித்தோம், நாங்கள் பட்ட பிரயாசம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே என்கிறார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்ட அதே ஜனங்கள் அவருடைய கைகளையும் பார்த்திருக்கிறார்கள். "எங்களையும் கர்த்தரையும் பின்பற்றுகிறவர்களாகி" என்று அவர் எழுதியது வெறும் உபசாரப் பேச்சு இல்லை.

இங்கே இன்னொரு சபையையும் ஞாபகப்படுத்த வேண்டும். வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்குக் கர்த்தர் சொல்வது: உன் கிரியைகளையும், உன் பிரயாசத்தையும், உன் பொறுமையையும் அறிந்திருக்கிறேன். அதே மூன்று சொற்கள்! ஆனால் விசுவாசம், அன்பு, நம்பிக்கை என்ற மற்ற மூன்றும் அந்த வரியில் இல்லை. இரண்டு வசனம் தள்ளி, நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று வருகிறது. எனக்கு இது மிகவும் பயமான இடம். வேரில்லாமல் வேலை மட்டும் ஓடிக்கொண்டிருக்க முடியும். கூட்டங்கள் நடக்கும், கணக்கு சரியாக இருக்கும், கள்ளப் போதகரைக்கூடச் சரியாகக் கண்டுபிடிப்பார்கள். ஆனாலும் உள்ளே அந்தப் பழைய அன்பு போயிருக்கும்.

பொறுமைக்கு வருவோம். மூலச் சொல்லுக்குச் சுமையின் கீழ் அசையாமல் இருப்பது என்று பொருள். ஆறாம் வசனத்தின் "உபத்திரவம்" என்ற சொல்லுக்கு நெருக்குவது, பிழிவது என்று பொருள். மேலே இருந்து நெருக்குகிறார்கள்; கீழே இவர்கள் ஓடிப்போகாமல் இருக்கிறார்கள். நெருக்கினவர்கள் அந்நியர்கள் இல்லை, சொந்த ஜனங்களே என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. ஏன்? அவர்கள் விக்கிரகங்களை விட்டுத் திரும்பியவர்கள். அந்த நகரத்தில் தொழில், உறவு, ஊர்த் திருவிழா, அரசாங்க மரியாதை எல்லாமே கோயிலோடு பிணைந்தவை. இராயனுக்கே அங்கே கோயில் இருந்தது. இதையெல்லாம் விடுகிறவனைச் சொந்த வீட்டாரே துரோகியாகப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நிலைமையிலும் பரிசுத்த ஆவியின் சந்தோஷத்தோடு வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று பவுல் எழுதுகிறார். உபத்திரவமும் சந்தோஷமும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. அந்தச் சந்தோஷத்தை மனுஷரால் உண்டாக்க முடியாது என்று நான் மனதார நம்புகிறேன்.

அடுத்த வசனம்தான் "மாதிரிகளானீர்கள்" என்பது. மாதிரி என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் துப்போஸ் என்ற சொல் இருக்கிறது. அடித்ததால் விழுந்த தடம் என்பது அதன் ஆதிப் பொருள். நாணயத்தில் அச்சு விழுவது போல. உயிர்த்தெழுந்த கர்த்தரைப் பற்றித் தோமா, அவருடைய கைகளில் ஆணிகளின் தழும்பைக் கண்டாலொழிய நம்பமாட்டேன் என்றானே, அந்தத் தழும்புக்கும் யோவான் எழுதியிருப்பது இதே சொல்தான். நெருக்கத்தைச் சொல்லிவிட்டு உடனே பவுல் ஏன் இந்தச் சொல்லுக்கு வந்தார் என்று இப்போது புரிகிறது. அடி வாங்கிய இடத்தில் கிறிஸ்துவின் உருவம் பதிந்திருந்தது. மற்ற சபைகள் பார்த்தது அதை.

அந்தச் செய்தி எப்படிப் பரவியது? "தொனித்தது" என்கிறார் பவுல். துறைமுகத்தில் வந்திறங்கிய வியாபாரிகள், எக்னாத்தியா சாலையில் போனவர்கள் வந்தவர்கள் வாயில் அது போயிருக்க வேண்டும். பவுல் ஓர் ஊருக்குப் போய் இவர்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால், அங்குள்ளவர்கள் முந்திக்கொண்டு அவருக்கே சொன்னார்கள். தன்னைப் பற்றி அந்தச் சபை சொல்லிக்கொண்டதாக ஒரு வரியும் இந்த அதிகாரத்தில் இல்லை.

குறையில்லாத சபையா என்றால், இல்லை. பரிசுத்தமாக நடப்பதைப் பற்றி நான்காம் அதிகாரத்தில் அவர்களுக்குக் கண்டிப்பாக எழுத வேண்டியிருந்தது. இறந்துபோன தங்கள் அன்பானவர்களை நினைத்துக் கலங்கிப்போயிருந்தார்கள். சிலர் கர்த்தர் வருவாரென்று சொல்லிக்கொண்டு வேலை செய்யாமல் சுற்றினார்கள். இரண்டாம் கடிதத்தில், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று எழுதும் அளவுக்கு அது போனது. ஆனாலும் பவுல் தன் ஸ்தோத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. திருத்தினால் கேட்டுக்கொள்கிற சபை அது என்று அவருக்குத் தெரியும். தங்கள் சபையில் ஒரு குறையைப் பார்த்ததும் மனம் சோர்ந்துபோகிறவர்கள் தயவுசெய்து இந்தக் கடிதத்தை ஐந்து அதிகாரமும் ஒரே மூச்சில் வாசியுங்கள். மொத்தம் 89 வசனங்கள்தான்.

சில வருடம் கழித்து எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது, மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்திலும் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தன என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதுகிறார். அந்தப் பணத்தோடு எருசலேமுக்குப் போன பயணத்தில் பவுலோடு போனவர்களில் தெசலோனிக்கேயர் இரண்டு பேர்: அரிஸ்தர்க்கு, செக்குந்து.

இந்த அரிஸ்தர்க்குவைப் பற்றி வேதம் அதிகம் சொல்லவில்லை. அவர் பேசினதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் எபேசுவில் கலகம் வந்து ஜனங்கள் அரங்கசாலைக்குள் பாய்ந்தபோது, இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்களில் அவர் ஒருவர். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் அவரைத் தன்னோடு காவலில் இருக்கிறவர் என்று சொல்கிறார். பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கப்பல் ஏற்றிய நாளில் அந்தக் கப்பலில் இருந்தவர்களை லூக்கா எழுதுகிறார். நூற்றுக்கு அதிபதி இருந்தான். வேறு சில கைதிகள் இருந்தார்கள். அப்புறம், தெசலோனிக்கே ஊரானாகிய அரிஸ்தர்க்குவும் எங்களோடு இருந்தான் என்று ஒரு வரி.