பெரியம்மா பார்த்த காடு

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘தி ஜங்கிள் புக்’ படத்தை 2016-இல் புது உருவில் மறுபடி எடுத்தார்களே, அது ரசிகர்களுக்குப் பரவசமா, ஏமாற்றமா என்பது தலைப்பு. பரவசமே என்று பேச வந்திருக்கிறேன். காரணங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டும் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். ‘லாஸ் ஏஞ்சல்ஸ் குடோனுக்குள் முளைத்த காட்டைப் பார்க்க நாம் ஏன் டிக்கெட் எடுக்க வேண்டும்?’ என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தாள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

உண்மைதான். அந்தப் படத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள், ஒரு ஸ்டுடியோவில்தான் எடுத்தார்கள். படம் முடியும்போது அவர்களே எழுத்தில் போட்டுக் காட்டினார்கள். ஓநாய்கள் வளர்த்த மௌக்லி என்ற பையனின் கதை அது. மௌக்லியாக நடித்த நீல் சேத்தி என்ற சிறுவன் மட்டும்தான் நிஜம். கரடி, கருஞ்சிறுத்தை, ஓநாய், மரம், மழை எல்லாம் கணினியில் பிறந்தவை. அந்தப் பையன் பொம்மைகளின் கண்ணைப் பார்த்துப் பேசி நடித்தான்.

சரி, பழைய படம் எங்கே பிறந்தது? 1967-இல் வந்த அந்தக் கோட்டோவியப் படத்தைக் கலிபோர்னியாவில் மேசை போட்டு, காகிதத்தில் பென்சிலால் வரைந்தார்கள். மூலக் கதை? ரட்யார்ட் கிப்ளிங் மும்பையில் பிறந்தவர்தான். ஆனால் 1894-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை அவர் எழுதியது அமெரிக்காவில், பனி கொட்டுகிற வெர்மான்ட்டில். கதை நடக்கும் இடமோ மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காடு. நடுவில் ஒரு கடல் இல்லை, பல கடல்! எழுதினவர் பனிக்குள் உட்கார்ந்து காட்டைக் கண்டார், வரைந்தவர்கள் மேசையில் கண்டார்கள், இவர்கள் கணினியில் கண்டார்கள். மேசைக் காட்டுக்குக் கை தட்டின நண்பர், கணினிக் காட்டை மட்டும் குடோன் என்று தள்ளுவது என்ன நியாயம்? இத்தனைக்கும் இவர்கள் ஆளை இந்தியாவுக்கு அனுப்பி, நம் காடுகளின் மரத்தையும் பாறையையும் பாசியையும் ஆயிரக்கணக்கில் படம்பிடித்துக்கொண்டு போய் அந்தக் காட்டைக் கட்டினார்கள். 2017-இல் காட்சி ஜாலத்துக்கான ஆஸ்கர் சும்மா வந்துவிடவில்லை.

‘பழைய கதையைக் கெடுத்துவிட்டார்கள்’ என்றார் இன்னொரு நண்பர். அப்படியானால் முதலில் கெடுத்தது யார்? புத்தகத்தில் கா என்ற மலைப்பாம்பு மௌக்லிக்கு நண்பன். குரங்குக் கூட்டத்திடமிருந்து அவனை மீட்கப் போவதே அதுதான். 1967 படம் அந்தப் பாம்பை எதிரியாக்கியது. அந்தப் படத்தில் வரும் லூயி என்கிற உராங்குட்டான் குரங்கு ராஜா புத்தகத்திலேயே கிடையாது. அந்தப் படத்தைத் தயாரித்த வால்ட் டிஸ்னி தன் கதைக்காரரிடம் புத்தகத்தைக் கொடுத்து, முதல் வேலையாக இதைப் படிக்காதே என்று சொன்னதாக அந்தக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். புதுப்படக்காரர்களோ, இந்தியக் காட்டில் உராங்குட்டான் ஏது என்று யோசித்து, ஒரு காலத்தில் ஆசியாவில் வாழ்ந்து அழிந்துபோன ராட்சதக் குரங்கினத்தைத் தேடிப் பிடித்து லூயி ஆக்கினார்கள். அவ்வளவு அக்கறை!

இனி பயம். படம் இந்தியாவில் ஏப்ரல் 8-ஆம் தேதி வந்தது, அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே. நம் தணிக்கைக் குழு யு/ஏ கொடுத்தது. சிறுவர் படத்துக்குப் பெற்றோர் துணை எதற்கு என்று நாடே கேலி பேசியது. நான் பேசமாட்டேன். ஏனென்றால் நான் என் பெரியம்மாவோடு அந்தப் படத்துக்குப் போனவன்.

எங்கள் பெரியம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. காங்கேயம் பக்கம். தமிழில் பேசுகிற படம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன், கூடவே என் ஐந்து வயது மகள். தியேட்டரில் முப்பரிமாணக் கண்ணாடி கொடுத்தார்கள். பெரியம்மாவிடம் ஏற்கெனவே பவர் கண்ணாடி. அதன் மேல் இதை மாட்டினால் நிற்கவில்லை, மூக்கில் வழுக்குகிறது. அதனால் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் மஞ்சள் பை. பைக்குள் முறுக்கு. வீட்டில் சுட்ட கைமுறுக்கு, பத்து. இந்த முறுக்கை அவையோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படம் ஓடுகிறது. உயரமான புல்வெளி. புல்லுக்குள் மௌக்லி. காற்று நின்றதுபோல ஓர் அமைதி. என் மகள் என் சட்டையைப் பிடிக்கிறாள். பெரியம்மா, ‘அந்தப் புல்லுல என்னமோ இருக்குது கண்ணு’ என்கிறார், எனக்கு இல்லை, திரையில் இருக்கும் பையனுக்கு! ‘டேய், போகாதடா’ என்று சொல்லி வாய் மூடவில்லை, ஷேர் கான் என்ற புலி பாய்ந்தது. எங்கே பாய்ந்தது? திரைக்குள்ளேயா? எங்கள் வரிசைக்கே பாய்ந்தது! மகள் என் கழுத்தில். பெரியம்மா எழுந்தே நின்றுவிட்டார். மஞ்சள் பை பறந்தது. முன்வரிசையில் இருந்தவர் மடியில் நான்கு முறுக்கு, அவர் மனைவி தலையில் ஒன்று, மிச்சம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. முன்வரிசைக்காரர் திரும்பினார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஒரு முறுக்கை எடுத்து நீட்டி, ‘நானும் பயந்துட்டேங்கம்மா’ என்றார்.

குடோனுக்குள் இருந்து வந்த புலி, நடுவர் அவர்களே, அது! அறுபத்தெட்டு வயதுக்காரரை எழுப்பி நிறுத்திய புலி. ஆடு மேய்ப்பவர், சிறுத்தை பற்றி ஊரில் கேட்டு வளர்ந்தவர், பொய்யான மிருகத்துக்கு அவர் பயப்படமாட்டார்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. கையிலேயே இருந்த பை ஏன் பறந்தது? ஏன் பிடி தளர்ந்திருந்தது?

அந்தப் பாய்ச்சலுக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி. மௌக்லியை வளர்த்த தாய் ஓநாய், ரக்‌ஷா, அவனை வழியனுப்புகிறது. புலிக்குப் பயந்து கூட்டத்தை விட்டுப் போகிறான். எங்கே போனாலும், யார் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், நீ என் பிள்ளைதான் என்று அது சொல்கிறது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மாவின் இரண்டு கையும் கண்ணாடிக்கு அடியில் இருந்தன. பை மடியில் தானாகக் கிடந்தது.

என்னை வளர்த்தவர் அவர்தான். அம்மா உடம்பு முடியாமல் படுத்தபோது எனக்கு வயது இரண்டு. நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுநாள், அப்பா சேலத்திலிருந்து வந்து என்னை அழைத்துப் போனார். காங்கேயம் பேருந்து நிலையத்தில், சன்னல் வழியாகப் பெரியம்மா ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். முறுக்கு. சூடு கூட ஆறவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்து திரும்பும்வரை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். பாசம் விட்டுப்போய்விட்டது என்று ஒன்பது வயதில் நான் நினைத்துக்கொண்டேன். ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். பழைய படத்தில் தண்ணீர்க் குடத்தோடு வரும் பெண்ணின் பின்னால் மௌக்லி ஊருக்குள் போய்விடுவான். இதில் போகவில்லை, வளர்த்தவர்களோடு காட்டிலேயே இருந்துவிடுகிறான். முடிவை மாற்றிவிட்டார்கள் என்று நண்பர்கள் குறை சொன்னார்களே, அதே முடிவுதான். பெரியம்மா இரண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: ‘அந்த ஓநாய்க்காரி வாய்விட்டுச் சொல்லிப்போட்டா கண்ணு. நானு அன்னைக்குச் சொல்லலையே.’

அவ்வளவுதான் சொன்னார். முப்பது வருடம் கழித்துச் சொன்னார், ஒரு தியேட்டரில், கணினியில் செய்த ஓநாயைப் பார்த்துவிட்டு.

நடுவர் மணியை எடுத்துவிட்டார். பெரியம்மா இங்கே வந்திருக்கிறார், மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. மடியில் மஞ்சள் பை இருக்கிறது. மேடையை விட்டு இறங்கியதும் நான் அங்கேதான் போய் உட்காரப் போகிறேன். வணக்கம்.