காலைச் சாப்பாடு முந்தின இரவே தொடங்குகிறது

(ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட வந்த ஆசிரியை ஒரு விஷயம் சொன்னார். "பாதிப் பிள்ளைங்க வெறும் வயித்தோட வர்றாங்கம்மா. இல்லேன்னா ரெண்டு பிஸ்கட். பதினோரு மணிக்கெல்லாம் சோர்ந்துடுறாங்க." இங்கே என்ன பேசுவது என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அம்மாக்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. குக்கர் ஒரு பக்கம், பள்ளி வேன் ஒரு பக்கம் என்று காலை ஏழு மணி எப்படி ஓடும் என்று எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்கிச் சத்தாகச் செய்து முடிப்பது யாராலும் ஆகாது. முந்தின இரவே தொடங்கிவிட வேண்டும். நம் பாட்டிமார் வழியே அதுதான்: ஊறப் போடு, ஆட்டு, புளிக்க வை, முளைகட்டு. பாதி வேலை நாம் தூங்கும்போதே முடிந்துவிடும்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். முடிந்தால் தோலோடு இருக்கும் கறுப்பு உளுந்தைப் போடுங்கள். இட்லி கொஞ்சம் நிறம் மங்கும், ஆனால் நார்ச்சத்து கூடும். உளுந்தைத் தனியாக, குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். பதம் தெரிய, ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். மிதந்தால் சரி. முங்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். அப்புறம் அரிசி மாவும் உப்பும் சேர்த்துக் கையாலேயே கரைத்து, பாத்திரத்தில் பாதி இடம் விட்டு மூடி வையுங்கள். விடிந்ததும் மூடியைத் திறந்தால் மாவு மேடு கட்டி நிற்கும், லேசாகப் புளிப்பு வாசம் வரும். கரண்டியை விட்டு அள்ளினால் உள்ளே முழுக்கக் குழி குழியாக இருக்கும்.

அந்த எட்டுப் பத்து மணி நேரத்தில் நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். உளுந்தோடு இயல்பாகவே வரும் நுண்ணுயிரிகள், முக்கியமாக லூக்கோனோஸ்டாக் என்ற வகை, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைப்பதால் மாவு பொங்குகிறது. தானியத்திலும் பருப்பிலும் ஃபைடிக் அமிலம் என்று ஒன்று உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்ளும். புளிக்கும்போது அது குறைகிறது, பி வகை வைட்டமின்கள் சிலவும் கூடுகின்றன. புரதத்தைக் கட்டும் கூறுகளில் ஒன்றான லைசின் அரிசியில் போதாது, உளுந்தில் அது தாராளம். உளுந்தில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு கூறு அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது.

கல்யாணமான புதிதில் ஒரு மார்கழியில் மாவு பொங்கவே இல்லை. அவசரத்துக்குச் சமையல் சோடா போட்டு அவித்தேன். இட்லி உப்பியது, ஆனால் வாயில் வைத்தால் சோப்பு ருசி. சோடா சோடியத்தையும் கூட்டும். அதன் காரத்தன்மை தயமின் என்ற பி1 வைட்டமினையும் அழிக்கும். குளிர் நாளில் மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீருள்ள ஓர் அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள், போதும்.

ஆனால் ஒன்று. மாவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஐந்து இட்லியை ஒரு ஸ்பூன் சட்னியோடு சாப்பிட்டால் அது பெரும்பாலும் மாவுச்சத்துதான். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதனால் இட்லியைக் குறைத்துச் சாம்பாரைக் கூட்டுங்கள். சாம்பார் தொட்டுக்கொள்ள மட்டும் இல்லை. ஒரு கிண்ணம் நிறையப் பருப்பும், பூசணியும், முருங்கைக்காயும், கத்தரிக்காயும் தெரிகிற மாதிரி ஊற்றுங்கள். பொங்கலுக்கும் இதே கணக்கு. அரிசிக்குச் சமமாகப் பாசிப்பருப்பு போட்டுப் பாருங்கள், ருசி குறையாது. ரவை உப்புமாவில் ரவை எவ்வளவோ அவ்வளவு காய் போடுங்கள்.

2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்த பிறகு வரகு, சாமை, தினை எல்லாம் கடைகளில் நன்றாகவே கிடைக்கின்றன. சந்தோஷம். ஆனால் வெள்ளை வெளேரென்று பட்டை தீட்டிய சாமையில் நார்ச்சத்து பெரும்பகுதி போய்விடும், அதைப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகளுக்கு என்றால் நான் முதலில் கேழ்வரகைத்தான் சொல்வேன். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. கேழ்வரகு மாவை இரவே தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் கூழாகக் காய்ச்சி மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொடுங்கள். கூழ் பிடிக்காத பிள்ளைக்குக் கேழ்வரகு மாவை இட்லி மாவோடு கலந்து தோசை வார்க்கலாம்.

மாவு புளிக்கக் காத்திருக்க முடியாத வீட்டுக்கு அடை இருக்கிறது. அரிசியும் பருப்பு வகைகளும் சரிக்குச் சரி. கடலைப் பருப்பு, துவரம் பருப்பு, ஒரு கை உளுந்து, நாலு மிளகாய் வற்றல், பெருங்காயம். இரவே ஊறப் போட்டால் காலையில் பத்து நிமிஷத்தில் கொரகொரப்பாக அரைத்துவிடலாம். கல்லில் ஊற்றும் முன் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையை உருவிப் போடுங்கள். கல் சூடானதும் தீயைக் குறைத்து, நடுவில் ஒரு குழி செய்து அதில் அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள். ஓரம் சிவந்து தானாகக் கிளம்பும். அதுவரை திருப்ப வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்காதீர்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை அது உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். இரத்தசோகை உள்ள பெண்கள் கட்டாயம் தள்ளி வையுங்கள். காபிக்குப் பதில் இலையில் ஒரு நெல்லிக்காய்த் துவையல் இருந்தால் அந்த இரும்பு நன்றாகவே சேரும்.

இங்கே கிளம்பும் முன் ஒரு டம்ளர் பச்சைப்பயறு ஊறப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆந்திராவில் பெசரட்டு என்பார்களே, அதற்கு. நாளைக் காலை இஞ்சியும் பச்சை மிளகாயும் சீரகமும் வைத்து அரைத்தால் உடனே வார்க்கலாம். வீட்டுக்குப் போனதும் நீங்களும் ஒரு டம்ளர் ஊறப் போடுங்கள். நன்றி, வணக்கம்.