பத்துப் புள்ளிகள் எங்கே போயின?

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கின் 2024-25 பருவத்தில் நம் அர்செனல் 74 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். சாம்பியனான லிவர்பூலுக்கு 84. தொடர்ந்து மூன்றாம் முறையாக இரண்டாம் இடம். அணி வளர்ந்ததா, தேங்கியதா? தற்காப்பில் வளர்ந்திருக்கிறது. தாக்குதலில் அப்போது வேலை பாக்கி இருந்தது.

2019 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளராக ஆர்டெட்டா பொறுப்பேற்றபின், முதல் இரண்டு பருவங்களும் எட்டாம் இடத்தில் முடிந்தன. அதே அணி 2023-24இல் 38 ஆட்டங்களில் 29 கோல்தான் விட்டது. நடுத் தற்காப்பில் சலீபா, கேப்ரியேல். அவர்களுக்கு முன்னால் நடுக்கள வீரர் ரைஸ். இந்த மூவரைத் தாண்டி வருவது எந்த அணிக்கும் பெரும்பாடு.

கார்னர் கிக்கையும் சொல்லியாக வேண்டும். 2021இல் வந்த, கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றுக்கான தனிப் பயிற்சியாளர் நிக்கோலா ஜோவரின் கைவண்ணம் அது. ஐந்தாறு பேர் கோலின் தூரக் கம்பத்துக்கு அப்பால் கூடி நிற்பார்கள். பந்து கோலை நோக்கி வளைந்து வரும். கூட்டம் ஒரே மூச்சில் உள்ளே பாயும். ஒருவர் கோல்கீப்பரின் வழியில் நிற்பார். கேப்ரியேல் ஓடிவந்த வேகத்திலேயே எம்பித் தலையால் முட்டுவார். நின்ற இடத்திலிருந்து குதிக்கும் காவலருக்கு அந்த உயரம் எட்டாது. 2025 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டை 3-0 என வென்ற இரவில் ரைஸ் நேராக அடித்த இரண்டு ஃப்ரீ கிக் கோல்களை யார்தான் மறப்பார்கள்!

ஆனால் லீக்கில் நாம் அடித்த கோல்களின் எண்ணிக்கை 91ஆக இருந்தது, ஒரே ஆண்டில் 69 ஆனது. 14 ஆட்டங்கள் டிரா. எதிரணி பத்துப் பேரையும் கோல் முன்னுள்ள பெனால்டி பெட்டியருகே இறக்கி நிறுத்திவிட்டால், நம் பந்து வலப்பக்க விங்கர் (ஓரக்கள வீரர்) சாக்காவிடமே போனது. அவரை இருவர் மறித்தார்கள். இடப்பக்கம் பந்தைத் திருப்பும் வேகம் குறைவாக இருந்தது. அதற்குள் எதிரணி வரிசை நகர்ந்து இடத்தை அடைத்துவிட்டது. அப்படியே பக்கவாட்டிலிருந்து கிராஸ் வந்தாலும், இரண்டு நடுக்காவலர்களுக்கு இடையே புகுந்து முடிக்க ஆளில்லாமல் போனது. லீக்கில் நம்மவர்களில் அதிகம் அடித்த முன்கள வீரர் ஹாவர்ட்ஸுக்கே ஒன்பது கோல்தான். அவரும் ஜெசூஸும் காயத்தில் விழுந்தபின், நடுக்கள வீரர் மெரினோவை முன்னால் நிறுத்தினோம். மெரினோ உழைத்தார், கோலும் அடித்தார். ஆனாலும் பட்டம் தேடும் அணிக்கு அது தற்காலிக ஒட்டுதான்.

சிவப்பு அட்டைகளை நான் இதைவிடக் கடுமையாகவே பார்க்கிறேன். பிரைட்டனுடன் ரைஸ், மான்செஸ்டர் சிட்டியுடன் டிராசார்ட், போர்ன்மத்தில் சலீபா. முதல் எட்டு ஆட்டங்களிலேயே மூன்று. இரண்டு டிரா, ஒரு தோல்வி. வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏழு புள்ளிகள் போயின. முதல் இருவரும் விசிலுக்குப் பின் பந்தை உதைத்து இரண்டாம் மஞ்சள் அட்டை வாங்கி, அதனாலேயே சிவப்பு பெற்று வெளியேறியவர்கள். நடுவர் கடுமை காட்டினார் என்று வாதிடலாம். ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருக்கும்போது பந்தைத் தொடாமல் விலகுவது நம் கையில்தானே இருக்கிறது?

ஆகவே அந்தப் பருவத்தின் முடிவில் முதலில் பெட்டிக்குள் நிற்கும் முன்கள வீரர் ஒருவர் வேண்டியிருந்தது. அடுத்து இடப்பக்கம் ஆளை வெட்டிக் கடக்கும் விங்கர். சாக்காவுக்கு ஓய்வு தர வலப்பக்கம் ஒரு மாற்று. இந்த மூன்றுக்கும் பிறகு தற்காப்புக்குப் பணம் செலவிட்டால் போதும் என்ற நிலைதான் அப்போது.