வைகை எங்கே போய்ச் சேர்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் என்று சொன்னதுமே, "தண்ணியில்லாக் காடாச்சே!" என்பார்கள் வெளியூர்க்காரர்கள். அரசு ஊழியரை மிரட்டுவதற்குக்கூட அந்தச் சொல்தான். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது மனதில் உறுத்துகிறது. பரமக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கண்மாய்க் கரைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவன் நான். ஏரியைத்தான் நாங்கள் கண்மாய் என்போம். எங்களுக்கும் ஆறு உண்டு. அது எப்படிப்பட்ட ஆறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வைகை, தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையில் பிறக்கிறது. கம்பம் பள்ளத்தாக்குத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, 1959இல் திறந்த வைகை அணையைத் தாண்டி, மதுரை, திருப்புவனம், மானாமதுரை என்று வந்து, பார்த்திபனூர்ப் பக்கம் எங்கள் மாவட்டத்துக்குள் நுழைகிறது. மொத்த நீளம் சுமார் 258 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் நீலக்கோடு ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் நீரிணையைத் தொடும். நடப்பு வேறு. பெரும்பாலான வருடங்களில் வைகைத் தண்ணீர் கடலைப் பார்ப்பதே இல்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி. சிவனுக்கு நஞ்சு தந்த கடலோடு சேர மாட்டேன் என்று வைகை ஒதுங்கிக்கொண்டதாகப் பழைய புலவர் ஒருவர் பாடிவைத்திருக்கிறார். அழகான கற்பனைதான். ஆனால் தண்ணீரை வழியிலேயே பிடித்து வைத்தவர்கள் எங்கள் முன்னோர்கள்.

இந்த மண்ணின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நிலம் தட்டையாகக் கிடக்கும். கடலை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு, அவ்வளவுதான். அணை கட்ட மலையில்லை. மழையும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சின்னச் சரிவை நம்பித்தான் கண்மாய் வெட்டினார்கள். தாழ்ந்த பக்கம் பிறை போல வளைத்துக் கரை போடுவது, மேட்டுப் பக்கத்தைத் திறந்து விடுவது. ஆற்றிலிருந்து வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும், மடை வழியாக வயலுக்குப் போகும். நிறைந்துவிட்டால் கலுங்கு வழியாக வெளியேறி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊர். இப்படி ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே போகும் கண்மாய்களைத்தான் நான் வைகையின் கடைசிப் பகுதி என்பேன். கடலுக்குப் போகாத ஆறு இங்கே நூற்றுக்கணக்கான ஊர்களாக விரிந்து கிடக்கிறது.

வடக்கே ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பார்த்திருக்கிறீர்களா? பாண்டிய மன்னன் பெயரைத் தாங்கிய ஊர். கரையில் நின்றால் மறுமுனை தெரியாது. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பது அந்தப் பக்கத்துச் சொலவடை. நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளமாம்; அதில் நாற்பத்தெட்டு மடையாம். சின்னப் பையனாக அப்பாவோடு அந்தக் கரையில் நடந்து, கால் வலித்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் அந்தச் சொலவடை எனக்குப் புரிந்தது.

இன்னொரு விஷயமும் நிறையப் பேருக்குத் தெரியாது. மேற்கே கேரளப் பக்கம் ஓடும் பெரியாற்றைக் கிழக்கே வைகைக்குத் திருப்பும் அணையை 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்தார். அவரை எல்லோரும் கும்பிடுகிறார்கள், கும்பிட வேண்டியவர்தான். அவருக்கு நூறு வருடம் முன்பே, 1789 வாக்கில், அந்த யோசனையோடு மலையேறிப் பார்க்க ஏற்பாடு செய்தவர் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி, அதாவது முதலமைச்சர், முத்திருளப்ப பிள்ளை. செலவு கட்டுப்படியாகாமல் கைவிட்டார்கள். ஆற்றின் வாலில் இருக்கிறவனுக்குத்தானே தலையில் என்ன நடக்கிறது என்ற கவலை அதிகம்! இன்றும் வைகைப் பூர்வீக பாசனத்தில், அதாவது பழைய பாசன உரிமையில், பன்னிரண்டு பங்கில் ஏழு பங்கு ராமநாதபுரத்துக்கு என்பது கணக்கு. கணக்கில் இருக்கும் தண்ணீர் வரத்துக்காலில் வந்து சேர்வதுதான் பெரும்பாடு.

வரத்துக்கால் தூர்ந்துபோனால் பங்கு இருந்தும் பயனில்லை. அப்புறம் சீமைக்கருவேலம். கண்மாய்க்குள்ளேயே காடாக மண்டிவிட்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இங்கேதான் இருக்கின்றன என்பதால் ஒரே வார்த்தையில் தீர்த்துவிட முடியாத விஷயம் அது. ஆனால் கண்மாய்க்குள் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தண்ணீர் நின்ற வருடத்தில் வந்து பாருங்கள். தேர்த்தங்கல், சக்கரக்கோட்டைக் கண்மாய்களில் மரத்துக்கு மரம் பறவைக் கூடு. மாசி, பங்குனியில் களமெங்கும் குண்டு மிளகாய் காய்ந்து சிவந்து கிடக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது.

வைகையில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் தூங்க மாட்டார்கள். "பார்த்திபனூர் தாண்டிருச்சாம்" என்று சேதி வரும். பெரியவர்கள் மண்வெட்டியோடு வரத்துக்காலுக்குப் போவார்கள், பிள்ளைகள் நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். முதலில் வருவது தண்ணீர் இல்லை. நுரையும் சருகும்தான், காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வரும். சில நாட்களில் கண்மாய் நிறைந்து, ஒரு ராத்திரி கலுங்கில் மறுகால் விழும் சத்தம் கேட்கும். விடிந்து பார்த்தால் கீழூர்க்காரர்கள் அங்கே நிற்பார்கள், அவர்கள் கையிலும் மண்வெட்டியோடு.

வணக்கம்.