பால் டின்னில் ஏன் குழந்தை படம் இல்லை?

[காட்சி: மெடிக்கல் ஷாப் அலமாரி. கேமரா ஒரு பால்பவுடர் டின்னுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.]

அடுத்த முறை மெடிக்கல் ஷாப்புக்குப் போகும்போது, கைக்குழந்தைக்குக் கொடுக்கிற பால்பவுடர் டின் ஒன்றைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்கள். பக்கத்திலேயே இருக்கிற டயப்பர், சோப்பு, எண்ணெய் எல்லாவற்றிலும் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். இந்த டின்னில் மட்டும் குழந்தை இருக்காது, அம்மாவும் இருக்க மாட்டாள். அதற்குப் பதிலாக, உங்கள் குழந்தைக்குத் தாய்ப்பால்தான் சிறந்தது என்று அந்தக் கம்பெனியே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். என் சரக்கைவிட இன்னொன்று நல்லது என்று எந்தக் கம்பெனி தானாக எழுதும்? 1992-ல் வந்த ஓர் இந்தியச் சட்டம்தான் அப்படி எழுத வைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் அரை நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது.

[காட்சி: பழைய சிங்கப்பூர்த் தெரு.]

1939. சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் பேசுகிறார். பேச்சின் தலைப்பு 'பாலும் கொலையும்'. நர்ஸ் மாதிரி உடை உடுத்திய விற்பனைப் பெண்கள் தாய்மார்களைத் தேடிப் போய், டின் பால் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இப்படித் தவறாக வழிகாட்டியதால் சாகிற குழந்தைகளின் சாவைக் கொலையாகவே பார்க்க வேண்டும் என்று அவர் கூட்டத்தினரின் முகத்துக்கு நேரே சொன்னார்.

கொலை என்பது பெரிய வார்த்தைதான். ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குழந்தை சப்பச் சப்பத்தான் தாய்க்குப் பால் ஊறும். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும், அந்தச் சின்ன வயிற்றுக்கு அது போதும். அந்த நேரம் பார்த்து யாராவது "பால் பத்தலையேம்மா" என்று சொல்லி ஒரு டின்னை நீட்டினால், குழந்தை சப்புவது குறைகிறது, சப்பாததால் பால் குறைகிறது, கொஞ்ச நாளில் நிஜமாகவே பத்தாமல் போகிறது. இலவசமாக வந்த டின் தீர்ந்த பிறகு அடுத்த டின்னைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் என்ன செய்வார்கள்? மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்றரைக் கரண்டி போட்டு, கொதிக்க வைக்காத தண்ணீரை ஊற்றிக் கலக்குவார்கள். பாட்டில் பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும், எடை இறங்கும்.

எங்கள் அக்காவுக்குப் பிரசவமான இரண்டாம் நாளே ஒரு நர்ஸ் டின்னோடு வந்து நின்றார். அக்கா அழுததை இன்னும் மறக்கவில்லை. தன் உடம்பிலேயே ஏதோ குறை என்று நினைத்துவிட்டாள்.

[காட்சி: 1970-களின் போராட்டப் பதாகைகள்.]

1974-ல் பிரிட்டனில் வறுமையை எதிர்த்துப் போராடும் 'வார் ஆன் வாண்ட்' அமைப்பு இதைப் பற்றி ஒரு சிறு நூல் போட்டது. சுவிட்சர்லாந்தில் அதை மொழிபெயர்த்தவர்கள், நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது என்று தலைப்பு வைத்தார்கள். பால்பவுடர் விற்கிற நெஸ்லே கம்பெனி வழக்குப் போட்டு 1976-ல் ஜெயித்தது. ஆனால் விளம்பர முறையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அதே நீதிபதி நெஸ்லேவுக்கும் சொன்னார். மறு வருடம் அமெரிக்காவில் அந்தக் கம்பெனிப் பொருட்களைப் புறக்கணிக்கும் போராட்டம் ஆரம்பித்தது. 1981-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடுகிற உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கிற பொருட்களை எப்படி விளம்பரப்படுத்தலாம், எப்படிக் கூடாது என்று ஒரு நெறிமுறையைக் கொண்டுவந்தது. ஆதரவாக 118 நாடுகள், எதிர்த்து ஒரே ஒரு நாடு. அது அமெரிக்கா.

அந்த வழியில் வந்ததுதான் நம் 1992 சட்டம். விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது, மருத்துவ ஊழியர்களுக்குப் பரிசு கூடாது. 2003-ல் திருத்தி, டாக்டர்களின் கருத்தரங்குக்குக் கம்பெனி பணம் கொடுப்பதையும் தடுத்தார்கள். என்னைக் கேட்டால் இதுதான் சட்டத்தின் உயிர், ஏனென்றால் டிவி விளம்பரத்தைவிட வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்கிற ஒரு வார்த்தையைத்தான் நாம் நம்புகிறோம்.

சரி, முடிந்ததா? இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 8 நாடுகளில் பெற்றோரிடமும் கர்ப்பிணிகளிடமும் விசாரித்து 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, பாதிப் பேருக்கு மேல் இந்தக் கம்பெனிகளின் விளம்பரம் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது வீட்டுக்கு வருவது நர்ஸ் உடை இல்லை, கைப்பேசி. இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது அம்மா எதைத் தேடுகிறாள் என்று அதற்குத் தெரியும்.

[காட்சி: மறுபடி அதே டின், பின்பக்கம்.]

பவுடர் பாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தேவைப்படுகிற குழந்தைகள் இருக்கிறார்கள், கொடுக்கிற அம்மாவைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பிரசவ வார்டில் யாராவது இலவச டின்னை நீட்டினால், இது சட்டப்படி கொடுக்கலாமா என்று கேளுங்கள். பால் சரியாக வரவில்லை என்றால், குழந்தையை மார்பில் எப்படிப் பிடித்து வைப்பது என்று சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்கள். அக்காவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்துக் கட்டிலில் மூன்றாவது பிள்ளை பெற்றுப் படுத்திருந்த ஓர் அம்மா.