கூகை பறந்தா ஏன் சத்தமே கேட்கிறதில்ல?

[காட்சி: இருட்டு. கோபுரப் பொந்திலிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பி வயல் பக்கம் போகிறது. ஒலி: தவளைச் சத்தம் மட்டும்.]

இப்போ ஒரு பறவை போச்சே, சத்தம் கேட்டுச்சா? கேட்டிருக்காது. புறா கிளம்பினா படபடன்னு தெருவுக்கே தெரியும். கூகைங்கிற இந்த ஆந்தை தலைக்கு மேல போனாக்கூட நமக்குத் தெரியாது. 'சாக்குருவி'ன்னு ஊர்ல பயப்படுறதுக்கு இந்தச் சத்தமில்லாத வரவும் ஒரு காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது.

[காட்சி: இறக்கையின் வெளியோர இறகு, மிக நெருக்கத்தில்.]

முன் விளிம்பைப் பாருங்க. பேன் சீப்பு மாதிரி வரிசையா பல்லு. ஒவ்வொண்ணும் சுமார் 2 மில்லிமீட்டர். மோதுற காத்தை இது பொடிப்பொடியா பிரிச்சு விடுது. பின் விளிம்பு துண்டோட குஞ்சம் மாதிரி பிரிஞ்சு கிடக்கு. மேல்பக்கம் வெல்வெட் துணி மாதிரி மெத்துன்னு இருக்கு; அதனால இறகும் இறகும் உரசினாலும் சரசரப்பு வராது. போதாததுக்கு, உடம்பு எடைக்கு இறக்கை ரொம்பப் பெருசு. வேகமா அடிக்க வேண்டியதே இல்ல, மிதந்தே போகலாம்.

ஜப்பான்ல 1997-ல ஓட ஆரம்பிச்ச 500 வரிசை புல்லட் ரயில்ல, கூரை மேல மின்சாரம் எடுக்குற கம்பியோட இரைச்சலைக் குறைக்க இந்தச் சீப்பைத்தான் பார்த்துப் படிச்சாங்க.

எலிக்குக் கேட்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும்? பாதி சரி. மீதி, கூகைக்கே கேட்கணும்!

[காட்சி: கூகையின் முகம், நேராக.]

இதய வடிவத்துல இருக்கிற இந்த முகமும் இறகுதான். ஓரத்துல விறைப்பான இறகு நெருக்கி அடுக்கியிருக்கும். சரியா கேட்கலைன்னா காதுக்குப் பின்னாடி கையைக் குவிப்போமில்ல, அதே வேலை. உள்ளே ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இல்ல. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. சத்தம் எந்த உயரத்துலேருந்து வருதுன்னு அதை வெச்சே கண்டுபிடிச்சிடும்.

ரோஜர் பெய்ன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர். பிற்பாடு திமிங்கிலப் பாட்டை உலகத்துக்குக் கேட்க வெச்சவர். அவர் கும்மிருட்டு அறையில சருகைப் பரப்பி, எலி அளவு காகித உருண்டையை இழுத்துப் பார்த்தார். கூகை பாய்ஞ்சு அந்தக் காகிதத்தைப் பிடிச்சுது! வாசனையும் இல்ல, உடம்புச் சூடும் இல்ல. வெறும் சரசரப்புதான். தன் இறக்கையே இரைஞ்சா இது எப்படிக் கேட்கும்?

[காட்சி: ஓடைக்கரையில் பூமன் ஆந்தை.]

இதுவும் ஆந்தைதான், ஆனா மீன் பிடிக்கும். தண்ணிக்குள்ள இருக்கிற மீனுக்கு இறக்கைச் சத்தம் எங்க கேட்கப் போகுது? அதனால இந்தச் சீப்பு ஏற்பாடெல்லாம் இதுகிட்ட இல்ல. பறந்தா சத்தம் வரும். பகல்ல வேட்டையாடுற பைரிங்கிற வல்லூறு இன்னொரு ரகம். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல தலைகுப்புற இறங்குற பறவைக்கு விறைப்பான, கூர்மையான இறக்கைதான் வேணும்.

[காட்சி: நெல் வயல். தலைகீழாக நட்ட தென்னை மட்டை. மழை.]

வயல்ல இந்த மட்டையை நட்டு வைக்கிறதே, ராத்திரி ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கட்டும்னுதான். ஆனா ஐப்பசி அடைமழையில மட்டை காலியாத்தான் இருக்கும். மெத்துன்னு இருக்கிற இறகு சீக்கிரம் நனைஞ்சு கனத்துப் போயிடும். மழைச் சத்தத்துல எலிச் சத்தமும் கேட்காது. கூகை பொந்துக்குள்ளேயே பட்டினியா உட்கார்ந்திருக்கும். மழை விட்டதும் முதல் வேலையா வெளியே வரும்.

[காட்சி: மட்டை மேல் கூகை. தலையை மட்டும் திருப்புகிறது.]