கடலோர பெஞ்சுக்கு மழை நல்லது

(திரையில்: சென்னைக் கடற்கரை. எவர்சில்வர் பெஞ்ச் ஒன்று.)

கடலைப் பார்த்தபடி போட்டிருக்கும் எவர்சில்வர் பெஞ்சைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். உட்காரும் பக்கம் பளபளப்பாக இருக்கும். அடிப்பக்கத்தில் டீ சிந்தியதுபோலப் பழுப்புக் கறை. மழையே படாத இடத்தில் துரு எப்படி வந்தது? மழை படாததால்தான் வந்தது.

கடற்காற்றில் வரும் உப்பு பெஞ்ச் முழுக்கப் படிகிறது. மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். அடியில் இருப்பது அப்படியே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எவர்சில்வரைக் காப்பது அதிலுள்ள குரோமியம் உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அதைத்தான் துளைக்கிறது.

(திரையில்: பைப்பில் காந்தம் வைக்கும் கை.)

கடையில் காந்தத்தை வைத்து, "ஒட்டலை பாருங்க, அசல் எஸ்.எஸ்." என்பார்கள். எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது எவர்சில்வர். காந்தத்தை நம்பி வாங்கக் கூடாது. எவர்சில்வரில் 202, 304, 316 என்று கிரேடுகள் உண்டு, மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், அதனால் விலை மலிவு. கடலோரத்துக்கு வேண்டியது 316. அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பைத் தாங்க உதவுகிறது. டெண்டரில் 'எஸ்.எஸ். பெஞ்ச்' என்று மட்டும் எழுதினால் எது வந்து இறங்கும் என்று சொல்லவே வேண்டாம். கிரேடை எழுதி, அதற்கான டெஸ்ட் சர்டிபிகேட்டையும் கேட்க வேண்டும்.

அப்புறம் வெல்டிங். 316 வாங்கியும், பற்றவைத்த இடத்தில் நீலமும் பழுப்புமாக நிற்கும் சூட்டுக் கறையை அப்படியே விட்டால் துரு அங்கே தொடங்கிவிடும். பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசையைப் போட்டு அந்தக் கறையை எடுத்து, நன்றாகக் கழுவிய பிறகே பெஞ்சை வாங்கிக்கொள்ளுங்கள்.

(திரையில்: துணியால் அடிப்பக்கம் துடைப்பது.)

ஜனவரி முதல் மே வரை சென்னையில் மழை குறைவு. அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம். அடிப்பக்கமும் மூட்டுகளும் முக்கியம். இரும்பு நாரால் தேய்த்தால், உதிரும் துகள் பெஞ்சில் ஒட்டித் துருப்பிடிக்கும். தரையில் ஊற்றும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரும் கால்களில் படக் கூடாது. அதிலும் குளோரின் இருக்கிறது.

கழுவ ஆள் போட முடியாதா? மர நிழல் பார்த்துக் கருங்கல் பலகை போடுங்கள், துருவுக்கே இடமில்லை. காங்கிரீட் பெஞ்ச் அப்படியில்லை. உள்ளே இருக்கும் கம்பிவரை உப்பு போய்விட்டால், துரு பருத்துக் காங்கிரீட்டையே பிளந்துவிடும். வெடிப்பைக் கண்டதும் மேலாகச் சிமென்ட் பூசி மூடிவிடாதீர்கள். கம்பியின் பின்பக்கமும் தெரியும்வரை கொத்தி, துருவை முழுசாகத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.